அழுத்தத்தில் இறங்கியது

சேலம் நகரில், குடித்து முடித்த கோப்பையைக் கீழே வைக்க மனமின்றி மனிதர்கள் நின்ற கடை ஒன்று இருந்தது. வழக்காடப் புறப்பட்ட வழக்கறிஞர் நின்றார். வண்டியை ஓரங்கட்டிய ஓட்டுநர் நின்றார். நேற்றுவரை ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத பங்காளிகள் இருவர் தோளோடு தோள் உரச நின்றனர். முன்பின் அறியாத யாரோ ஒருவரின் மகிழ்ச்சி அவர்கள் நாவில் இறங்கி நெஞ்சில் ஏறியிருந்தது. வெற்றி முழக்கமிடும் மகிழ்ச்சியன்று அது. பேருந்து நிலையத்தில், வண்டி வரும் திசையையே பார்த்தபடி, வரப்போகிறவருக்காகக் காத்து நிற்பவரின் மகிழ்ச்சி.

கடை பரந்தாமனுடையது. எந்திரம் ஷாகிதா பானுவுடையது.

எஸ்பிரெசோ எந்திரம் உலகுக்குப் புதிதன்று. காப்பிப் பொடியைக் கைப்பிடி வைத்த கிண்ணத்தில் நிரப்பு, மேடு பள்ளமின்றிச் சமன் செய், கட்டையால் இறுக்கு, காற்றழுத்தத்தைப்போல் ஒன்பது மடங்கு, அதாவது ஒன்பது பார் அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்து. அரை நிமிடத்துக்குள் தேன் நிறத்தில், எலி வால் தடிமனில், ஒரு மடக்குக் காப்பி இறங்கும். இவ்வளவும் எவரும் அறிந்ததே. பொறியாளர் ஷாகிதா அந்த அழுத்தத்தோடு அதிர்வு ஒன்றைச் சேர்த்தார். காது கேளாத, கை உணராத, நுண்ணிய அதிர்வு. அது என்ன செய்யும் என்று பரந்தாமன் கேட்டபோது அவர் சொன்ன விளக்கம் எளிமையானது.

"மனுஷங்க ஒரு பொருளைத் தொட்டா வெறும் வியர்வை மட்டும் ஒட்டறதில்ல சார். அந்த நேரத்துல அவங்க மனசு எப்படி இருக்கோ, அதுவும் அதுல கரைஞ்சிருக்கும். பயந்தவங்க வியர்வை வேற, சந்தோஷமா இருக்கறவங்க வியர்வை வேற. நாய்க்கு அது தெரியும், நமக்குத் தெரியாது. இந்த அதிர்வு அதைத் தண்ணியில இறக்கி உங்க நாக்குல வெச்சிரும்."

"யாரோட வியர்வைங்க?"

"செடியிலிருந்து பழம் பறிச்சவங்களோடது."

பரந்தாமன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "காப்பி குடிக்க வர்றவங்ககிட்ட வியர்வைன்னு மட்டும் சொல்லிராதீங்க மேடம். உணர்வுன்னு போட்டுக்கலாம்."

உணர்வு என்றே போட்டார்கள். உணர்வுக் காப்பி!

எண்ணிப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகக் காப்பி குடித்த நாடு இது. காலையில் அது இல்லையென்றால் தலைவலி. விருந்தினருக்கு அது தரவில்லையென்றால் தலைகுனிவு. ஆனால் அட்டை கடிக்கும் காலோடு, சாரல் நனைக்கும் தோளோடு, அந்தப் பழத்தைக் கிள்ளியெடுத்த விரலை எவர் நினைத்தார்? மேடைகள் முழங்கியும் துண்டறிக்கைகள் பறந்தும் நிகழாத ஒன்றை ஒரு மடக்கு நீர் நிகழ்த்திக் காட்டியது. குடித்தவர்கள் முதன்முறையாக, "யார் அவர்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியின் முன் நிற்கும்போது இன்றும் மெய் சிலிர்க்கிறது.

விடை எளிது என்று எண்ணினர். அந்தக் கடைக்குக் காப்பிக்கொட்டை வந்தது ஒரே இடத்திலிருந்து: ஏற்காட்டு மலையில் உள்ள வெள்ளிமேட்டுத் தோட்டம். நுகர்வோர் மன்றத் தலைவரும் ஓய்வுபெற்ற பேராசிரியருமான அறவாழி வந்து குடித்தார், கண் மூடினார், கண் திறந்தபோது அவை நனைந்திருந்தன. உழைப்பவர் மகிழ்ந்திருக்கும் தோட்டம் என்று தம் மன்றத்தின் சான்றை வெள்ளிமேட்டுக்கு வழங்கினார். தோட்டத்து முதலாளிக்கு மாலை விழுந்தது, விலையும் உயர்ந்தது. அறவாழி கையூட்டு வாங்குபவரல்லர். தம் நாவு உணர்ந்ததை நம்பினார், அவ்வளவே.

எந்திரத்தை இயக்கியவள் அல்லி. பளபளக்கும் எஃகுச் சுவர்போல மேடைமேல் அது எழுந்து நின்றதால், வாடிக்கையாளருக்கு அவளுடைய நெற்றியும் கைகளும் மட்டுமே தெரியும். மழை நாளில் அரைவையைச் சற்றுப் பருமனாக்குவாள். வெயில் ஏற ஏற நுணுக்குவாள். முதலில் இறங்கும் கோப்பையைத் தானே சுவைத்து, புளித்தாலோ கசந்தாலோ கொட்டிவிடுவாள். பொடியைச் சமன்செய்ய ஷாகிதா ஓர் எஃகுத் தகடு கொடுத்திருந்தார். அதை ஆணியில் மாட்டிவிட்டு அல்லி சுட்டுவிரலால்தான் வழித்துவிடுவாள். கட்டி இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று தகடு சொல்லாது, விரல் சொல்லும். அந்த வேலை தெரிந்த பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

தை மாதத்தில் அல்லி சில வாரம் வரவில்லை. எந்திரத்துக்குத் துணி போர்த்திவிட்டு, பரந்தாமன் பழைய பித்தளை வடிகட்டியில் டிகாக்‌ஷன் இறக்கி வியாபாரம் செய்தார். மாசியில் மலையிலிருந்து புதிய பறிப்பின் கொட்டை வந்தது. அல்லியும் வந்தாள். துணி விலகியது, எந்திரம் மீண்டும் சூடேறியது.

முதல் கோப்பையைக் குடித்த வழக்கறிஞர் கடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதை எப்படிச் சொல்வது? வலி அன்று, அச்சமும் அன்று. ஏந்தியிருந்த ஒன்று இல்லாமற்போன கைகள். எடை போய்விட்டது, ஏந்திய வளைவு மட்டும் போகவில்லை. அந்த வளைவைக் குடித்தவர் ஒவ்வொருவரும் தம் முழங்கையில் உணர்ந்தனர். ஓட்டுநர் ஒருவர் வெளியே போய்த் தம் மகனைத் தொலைபேசியில் அழைத்து, சாப்பிட்டாயா என்று கேட்டார். பங்காளிகள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பற்றியிருந்தனர். அவர்கள் அஞ்சி ஓடவில்லை. மறுநாளும் வந்தனர், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தவர்களும் உண்டு. பெயரறியாத ஒரு துயரத்தின் முன் ஓர் ஊர் தலை தாழ்த்தி நின்றது. மகிழ்ச்சி விற்ற நாளைவிடக் கூட்டம் மிகுந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பரந்தாமன் புதிய கோப்பைகள் வாங்க வேண்டியதாயிற்று.

அறவாழி குடித்தார். இம்முறை கண் திறந்தபோது அவற்றில் ஈரம் இல்லை, கனல் இருந்தது. மலையில் என்ன கொடுமை நிகழ்ந்தது என்று கேட்டுச் சுவரெங்கும் அறிக்கை ஒட்டினார். தாமே மலையேறி ஆய்ந்தார். ஒழுகும் கூரைகளைக் கண்டார். மருத்துவர் எட்டிப் பாராத மருந்தகத்தைக் கண்டார். குற்றமில்லாத தோட்டமா அது? இல்லை. ஆனால் அந்தக் கூரைகள் சென்ற ஆண்டும் ஒழுகின. சென்ற ஆண்டுதான் அதற்கு மகிழ்வுச் சான்று கிடைத்தது. அந்த முரண்பாடு அவரை உறுத்தவில்லை. புதிதாக ஏதோ நடந்திருக்கிறது, மறைக்கிறார்கள் என்று முடிவு செய்தார்.

தோட்டத்து முதலாளி செய்தது என்ன தெரியுமா? முதலில் மேற்பார்வையாளர்களை விட்டு, சிரித்துக்கொண்டே பறிக்கச் சொன்னார். காலில் அட்டை, முதுகில் கூடை, முகத்தில் சிரிப்பு! அப்படியும் கோப்பை மாறவில்லை. பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்: துயரப்படுகிறவர்களை வெளியேற்றிவிட்டால் துயரம் வெளியேறிவிடும். மன்றம் சான்றைத் திரும்பப் பெற்றால், வரிசை வீடுகளில் வாழும் பறிப்பாளர் குடும்பங்கள் அத்தனையும் மலையிறங்க வேண்டும். ஒப்பந்தக்காரர் வழியாக வேறு ஆட்கள் வருவார்கள். நோயாளியைக் கொளுத்தி நோயை ஒழிக்கும் மருத்துவம் அது.

சான்றைப் பற்றி இறுதி முடிவெடுக்க, ஒரு பிற்பகலில் கடையின் இழுகதவைப் பாதி இறக்கிவிட்டு அவர்கள் கூடினார்கள். அறவாழி வந்தார், ஷாகிதா வந்தார். பறிப்பாளர் சார்பில் பேச வெள்ளையம்மாள் மலையிலிருந்து பேருந்தில் வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். தம் வாழ்நாளெல்லாம் பறித்த காப்பியை இந்த எந்திரத்தில் அவர் குடித்ததில்லை.

அல்லி கோப்பைகளை இறக்கி வைத்தாள். வெள்ளையம்மாள் ஒரு மடக்குக் குடித்தார். கோப்பை தட்டில் இடித்தது.

இது யாருடைய துயரம் என்று அறவாழி கேட்டார். அவர் குரலில் கடுமை இல்லை, கெஞ்சல் இருந்தது. பெயரைச் சொன்னால் அந்தப் பெண்ணுக்காக நாடே எழும் என்றார்.

"தெரியலைங்கய்யா," என்றார் வெள்ளையம்மாள். "எங்க லைன் வீடுகள்ல எல்லாத்தையும் நெனச்சுப் பாத்துட்டேன். சோகம் இல்லாத வீடு இல்ல. ஆனா இது எந்த வீடுன்னு எனக்குப் புடிபடல. யாரோ ஒருத்தி எங்கிட்டயே சொல்லாம வெச்சிருக்கா. கூடவே நின்னு பறிச்சும் எனக்குத் தெரியாமப் போச்சே."

தோட்டத்தைக் காக்க வந்தவர் சொன்ன சொல் தோட்டத்துக்கு எதிராகவே விழுந்தது. அறவாழி பெருமூச்சு விட்டார். கொடுமையை மூடி மறைக்கும் தோட்டத்துக்குச் சான்று தொடர முடியாது என்றார். குடும்பங்கள் என்ன ஆகும் என்று பரந்தாமன் முணுமுணுத்தார். கொள்கை என்று ஒன்று இருக்கிறதே என்றார் அறவாழி. வெள்ளையம்மாள் சேலை முந்தானையை இறுகப் பற்றிக்கொண்டார்.

அந்த வேளையில் ஷாகிதா, ஒரு பொறியாளரின் பழக்கத்தால், எந்திரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக் காப்பி இன்று எப்படி இறங்கியிருக்கிறது என்று கேட்டார். அல்லி மீதமிருந்த கோப்பையைச் சுவைத்தாள்.

"நல்லா வந்திருக்குங்க மேடம். கசப்பு இல்ல, புளிப்பு இல்ல."

"அது தெரியுது. அந்த உணர்வு?"

அல்லி இன்னொரு மடக்குக் குடித்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலைங்க. வெறும் காப்பியாட்டந்தான் இருக்கு. எப்பவுமே அப்படித்தானுங்க."

ஊரே உட்கார்ந்துவிட்ட கோப்பை. வழக்கறிஞரைப் படியில் சாய்த்த கோப்பை. அது ஒரே ஒருத்திக்கு மட்டும் வெறும் காப்பி!

ஷாகிதாவின் முகம் வெளுத்தது. தன் வியர்வையின் வாடை தனக்குத் தெரிவதில்லையே! வறுக்கும் நெருப்பில் எந்த மனிதத் தடம் தப்பும்? பழத்தின் தோலைப் பிடித்த விரலின் ஈரம், தோலுரித்து, ஊறவைத்து, உலர்த்தி, தீயில் வாட்டிய பின்னும் கொட்டைக்குள் இருக்கும் என்று எந்தத் துணிவில் நம்பினார்? நெருப்புக்குப் பிறகு பொடியைத் தொட்டது ஒரே ஒரு விரல்.

அவர் மேடையைச் சுற்றிக்கொண்டு உள்ளே சென்றார். அதே கொட்டையை அரைத்தார், தம் சுட்டுவிரலால் வழித்தார், இறுக்கினார், இறக்கினார். எதையும் விளக்காமல் மூவருக்கும் கொடுத்தார்.

பரந்தாமன் குடித்துவிட்டு நெளிந்தார். "என்னங்க இது, பரிட்சை ஹாலுக்கு வெளிய நிக்கிற மாதிரி இருக்குது."

வெள்ளையம்மாள் தலையசைத்தார். தப்பு செய்து மாட்டிக்கொண்ட பிள்ளையின் மனம்போல் இருக்கிறது என்றார். அதே கொட்டையிலிருந்து இது எப்படி வந்தது என்று அறவாழி ஷாகிதாவைப் பார்த்தார்.

ஷாகிதா கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். எஃகுச் சுவரின் மறைவில் அல்லியின் பக்கம் குனிந்தார்.

"அது உங்களோடதுதான். இல்லையா?" அவர் குரல் அல்லிக்கு மட்டும் கேட்டது. "நீங்க சொல்ல வேண்டாம். எந்திரம் பழுது, நான் செஞ்சது தப்புன்னு சொல்லிடறேன். தோட்டமும் தப்பிச்சிரும்."

பல்லாண்டு உழைப்பை, பெயரை, பெருமையை ஒரு பொய்யில் போட்டு உடைக்க அவர் ஆயத்தமாக இருந்தார். அல்லி அவரைப் பார்த்தாள். பிறகு எந்திரத்தின் விசையை அணைத்தாள். நீராவி சீறி அடங்கியது. அந்தச் சுவருக்கு வெளியே, எல்லோரும் பார்க்கும் இடத்துக்கு, அவள் வந்து நின்றாள்.

"மலைக்காரங்க மேல போடாதீங்கய்யா. அது என்னோடது."

அல்லி ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டாள்.

"ஏழாம் மாசத்துலயே பொறந்திருச்சுங்க. அழுவல. கொஞ்ச நேரம் கையில வெச்சிருந்தேன். அப்புறம் நர்ஸம்மா வாங்கிக்கிட்டாங்க. பச்சக் கொழந்தைக்குக் காரியமெல்லாம் பண்ற வழக்கம் இல்லைன்னு வீட்ல சொல்லிட்டாங்க. பேசாத, அடுத்தது பொறக்கும்ன்னாங்க. நானும் பேசல. வேலைக்கு வந்துட்டேன்."

பரந்தாமன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தெரியும். அவர்தானே விடுப்புக் கொடுத்தார். அவர்தானே பழம் வாங்கி அனுப்பினார். திரும்பி வந்த நாளில் உடம்பு தேவலையா என்று கேட்டு மேலங்கியை எடுத்து நீட்டியவரும் அவரே. அந்த வாரமே ஊரெல்லாம் ஒரு துயரத்தைக் குடித்து நின்றபோது, அது எங்கிருந்து வருகிறது என்று அவரும் மலையைத்தான் பார்த்தார். கொடுமை செய்தவரல்லர் அவர். மறந்தவர். கொடுமைக்கு நீதிமன்றம் உண்டு. மறதிக்கு எந்த மன்றம் உண்டு?

அறவாழி தம் கண்ணாடியைக் கழற்றினார். அந்தப் பழைய மகிழ்ச்சி, காத்திருக்கும் அந்த மகிழ்ச்சி, என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. அல்லி ஆமென்று தலையசைத்தாள். அவள் வயிற்றில் பிள்ளை இருந்த நாள்களின் மகிழ்ச்சிக்குத் தோட்டத்து முதலாளிக்கு மாலை போட்டவர் அவர். சான்று தொடரும் என்றார். குடும்பங்களை எவரும் தொட முடியாது, நானே மேலே வந்து சொல்கிறேன் என்றார். ஒழுகும் கூரைகளுக்காக இனி வேறு கேள்வி கேட்பேன் என்றும் சொன்னார். பிறகு, அல்லியைப் பார்க்க மாட்டாமல், கையுறை ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று பரந்தாமனிடம் மெல்லக் கூறினார். நல்லெண்ணத்தில்தான் கூறினார். துயரத்தைக் கண்டதும் அதை மூட ஒரு துணி தேடும் நல்லெண்ணம் நம் ஊரில் ஏராளம்.

வெள்ளையம்மாளின் பிழைப்பு தப்பியது. அவர் எழுந்தார். வாசலுக்குப் போகவில்லை. அல்லியிடம் போனார்.

"பொண்ணா, பையனா அம்மணி?"

அல்லி திகைத்தாள். இத்தனை நாளில் எவரும் கேட்காத கேள்வி அது.

"பொண்ணுங்கக்கா."

வெள்ளையம்மாள் அவளைக் கட்டிக்கொண்டார். துக்கம் கேட்கப் போன வீட்டில் பெண்கள் கட்டிக்கொள்வார்களே, தலையோடு தலை சேர்த்து, அப்படி. ஒப்பாரி இல்லை; ஓசை இல்லை. வெள்ளையம்மாளின் தோள்கள் குலுங்கின. அல்லியோ கட்டைபோல் நின்றாள். அவளுக்குக் கண்ணீர் வரவில்லை.

பிறகு வெள்ளையம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இத்தனை பேருக்குக் காப்பி கலந்து கொடுக்கிறாயே, உனக்கு எவரேனும் ஒரு வாய் கொடுத்தார்களா என்று கேட்டார். விடைக்குக் காத்திராமல் எந்திரத்தின் பின்னால் போனார். எதை அழுத்துவது என்று தெரியவில்லை. ஷாகிதா விசையைப் போட்டுக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தார். வெள்ளையம்மாள் கொட்டிய பொடி ஒரு பக்கம் குவிந்தது. காப்புக் காய்த்த விரலால் அதைத் தேய்த்து நிரவினார். தகடு தருவதற்காக ஷாகிதா கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டார்.

காப்பி மோசமாகத்தான் இறங்கியது. ஓரம் பிய்த்துக்கொண்டு, வெளிறிய நீராய். அல்லி அந்தக் கோப்பையை வாங்கினாள். பழக்கத்தால் முதலில் மணம் பார்த்தாள். குடித்தாள்.

முதலில் ஒரு விடுதலை: நெடுந்தூரம் சுமந்த கூடையை மேட்டில் இறக்கி வைத்த முதுகு. அதற்கும் அடியில், வேறொன்று. அல்லியின் கைகள் தாமாக வளைந்தன. தன் நாவுக்கு ஒருபோதும் தட்டுப்படாத அது, தன்னுள்ளேயே நிறைந்திருந்ததால் தனக்கே தெரியாதிருந்த அது, இப்போது இன்னொருத்தியின் விரல் வழியே அவளிடம் வந்தது. தன் மகளுக்காக வேறொரு மனம் அழுதது எப்படியிருக்கும் என்பதை, நுண்ணிய அதிர்வும் ஒன்பது பார் அழுத்தமும் சேர்ந்து, அந்த மோசமான காப்பியில் அவளுக்கு இறக்கிக் கொடுத்தன. ஓர் எந்திரம் செய்ததா அது? எந்திரம் வழிவிட்டது. செய்தது கை.

கோப்பை சரிந்தது. அல்லி தரையில் அமர்ந்து வாய்விட்டு அழுதாள். வெள்ளையம்மாள் பக்கத்தில் அமர்ந்து அவள் தலையை மடியில் சாய்த்துக்கொண்டார். ஷாகிதாவும் அமர்ந்தார். பேராசிரியர் அறவாழி, என்ன செய்வதென்று தெரியாமல், நாற்காலியை விட்டிறங்கித் தரையில் அமர்ந்தார்.

மாலைக் கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. பாதி இறங்கிய இழுகதவை யாரோ தட்டினார்கள். பரந்தாமன் குனிந்து வெளியே போனார். வழக்கறிஞர் நின்றார்; ஓட்டுநர் நின்றார்; பங்காளிகளும் நின்றார்கள். இன்னும் திறக்கவில்லையா என்று கேட்டார்கள்.

"இன்னிக்குக் கடை இல்லீங்க," என்றார் பரந்தாமன். "எங்க கடையில ஒரு சாவு."

வழக்கறிஞர் செருப்பைக் கழற்றினார். "யாருங்க?"

"எங்க அல்லியோட கொழந்தை," என்று சொல்லிவிட்டு, பரந்தாமன் கதவை முழுதாக இறக்கினார்.